மறைக்கல்வியும் மனப்பாடமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிறுவயதில் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களுக்கு மறைக்கல்வி வகுப்பு, அதாவது கிறிஸ்தவ விசுவாசப் பாடம். கேள்வி-பதிலை ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் முட்டி போடச் சொல்வார்கள். இன்று என் மகளும் அப்படித்தான் ஒப்பிக்கிறாள், பொருள் கேட்டால் விழிக்கிறாள். ஆதித் திருச்சபையில், அதாவது முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்களிடம், மனப்பாடமே கிடையாது, எல்லாம் அனுபவம்தான் என்று ஒரு தியானக் கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மையில்லை. மனப்பாடம் இருந்தது, இன்றைக்கு இருப்பதைவிடக் கறாராகவே. கி.பி. 350 வாக்கில் எருசலேமில் திருமுழுக்குக்கு (ஞானஸ்நானத்துக்கு) ஆயத்தமானவர்களுக்குப் பாடம் எடுத்த சிரில், விசுவாசப் பிரமாணத்தை, அதாவது நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் அறிக்கையை, தாளில் எழுதாதீர்கள், நெஞ்சில் பொறித்துக்கொள்ளுங்கள் என்கிறார். உங்கள் மகளுக்காவது கையில் புத்தகம் இருக்கிறது.

ஆனால் ஒப்பிப்பதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பாருங்கள். எகேரியா என்ற பெண் 380களில் மேற்கிலிருந்து எருசலேமுக்கு யாத்திரை வந்து, கண்டதையெல்லாம் ஊரிலுள்ள சகோதரிகளுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் பிரதி 1884இல்தான் இத்தாலியின் அரெட்சோ நகரில் அகப்பட்டது. தலையும் வாலும் இல்லை, நடுப்பகுதி மட்டும். அதில் எகேரியா சொல்வது இது: ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் தொடக்கத்தில் ஆயர் (பிஷப்) நாற்காலியில் அமர்ந்திருக்க, திருமுழுக்குக்குப் பெயர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து வருகிறார்கள். ஆயர் அவரிடம் எதையும் கேட்பதில்லை, அக்கம்பக்கத்தாரிடம் கேட்கிறார். இவர் பெற்றோரை மதிக்கிறவரா? குடிகாரரா? பொய் சொல்கிறவரா? குறை இருந்தால், திருந்திவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். நம் ஊர் வகுப்புகளில் இந்தக் கேள்வியைக் கேட்டால் எத்தனை பேர் தேறுவோம் என்று யோசித்திருக்கிறேன்.

தேறியவர்களுக்குத் தினமும் காலையில் மூன்று மணி நேரம் பாடம். ஆயர் கிரேக்கத்தில் பேச, ஒரு குருவானவர் பக்கத்தில் நின்று உள்ளூர் மக்களின் சிரியாக் மொழியில் சொல்வார். ஐந்து வாரம் வேதாகமம் கேட்ட பிறகே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லித்தருவார்கள். அதையும் வரிவரியாக விளக்குவார்கள். கடைசியில் ஞானப்பெற்றோரோடு வந்து ஆயரிடம் ஒப்பிக்க வேண்டும்.

திருமுழுக்கின் உட்பொருளை மட்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலில் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். விளக்கம் பாஸ்கா (ஈஸ்டர்) வாரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. அப்போது உள்ளே எழுந்த ஆரவாரம் கோவிலுக்கு வெளியே கேட்டது என்று எகேரியா எழுதுகிறார். அந்தத் தியானக் கூட்டத்தில் சொன்ன அனுபவம் என்பது இந்தக் கட்டம்தான். மனப்பாடத்தைத் தள்ளிவிட்டு ஆதிக் கிறிஸ்தவர்கள் இங்கே வரவில்லை.

மகளின் ஆசிரியருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. 400 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் தியாக்கோன் (குருவுக்கு அடுத்த நிலை ஊழியர்) தேயோகிராசியாஸ், பாடம் நடத்தும்போது தனக்கே சலித்துப்போகிறது என்று ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீனாரிடம் முறையிட்டார். பதிலாக ஒரு நூலையே எழுதி அனுப்பினார் அகுஸ்தீனார். என் பேச்சும் எனக்குப் பெரும்பாலும் திருப்தி தருவதில்லை என்று அதில் ஒத்துக்கொள்கிறார். பார்த்துப் பழகிய ஊரைப் புதிதாக வந்தவருக்குச் சுற்றிக்காட்டும்போது நமக்கும் அது புதிதாகிவிடுவதில்லையா, அப்படிச் சொல்லிக்கொடு என்கிறார். கேட்பவர் கொட்டாவி விட்டால்? அவரிடம் கலகலப்பாக ஏதாவது பேச வேண்டும், இல்லையென்றால் உட்கார இடம் கொடுக்க வேண்டும். அங்கே நின்றுகொண்டே பாடம் கேட்பது வழக்கம். ஒரு கிராமத்து ஆளுக்குப் போதித்தபோது இதைத் தானே பட்டறிந்ததாகவும் சொல்கிறார்.

உங்களுக்கு முட்டி, அந்தக் கிராமத்தாருக்கு நாற்காலி.