கேன் பஸ் கோளாறு: பெட்டியை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள் (கேள்வி பதில்)

எக்ஸ்கவேட்டர், லோடர், கிரேன் ஆகியவற்றில் கன்ட்ரோலர்கள் (நாம் பெட்டி என்பது) ஒன்றோடொன்று பேசாமல் போகும் கோளாறுகள் பற்றி சிங்கப்பூர் மெக்கானிக்குகள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில். பெட்டிகள் செய்தி அனுப்பிக்கொள்ளும் கேன்-ஹை, கேன்-லோ என்ற இரண்டு வயர் லைன்தான் கேன் பஸ். எல்லாம் 24 வோல்ட் இயந்திரங்கள், ஜே1939 (கனரக வண்டிகளுக்கான கேன் பஸ் முறை) வயரிங்.

செந்தில், துவாஸ்: அண்ணே, 20 டன் எக்ஸ்கவேட்டர். எஸ்.பி.என். (எந்தப் பகுதி என்ற எண்) 639, எஃப்.எம்.ஐ. (என்ன வகைக் கோளாறு என்ற எண்) 9 என்று கோட் வருகிறது. சில நேரம் எஞ்சின் வேகம் ஏறாமல் ஐடிலிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சின் இசிஎம்மை (எஞ்சினின் கன்ட்ரோலர் பெட்டியை) மாற்றச் சொல்கிறார் பாஸ். மாற்றலாமா?

அவசரப்படாதீங்க தம்பி. 639 என்றால் ஜே1939 லைன். எஃப்.எம்.ஐ. 9 என்றால் வரவேண்டிய செய்தி உரிய நேரத்தில் வரவில்லை. இந்தக் கோடை எழுதிய பெட்டி புகார் கொடுத்தவர் மட்டும்தான், குற்றவாளி வேறு இடத்தில் இருக்கலாம். எல்லாப் பெட்டிகளும் ஒரே பெட்டியைப் பற்றிப் புகார் சொன்னால் அதன் ஃபியூஸ், எர்த், கனெக்டரைப் பாருங்கள். ஆளாளுக்கு மற்றவரைக் குறை சொன்னால் வயரைப் பாருங்கள்.

சாவியையும் பேட்டரி மெயின் சுவிட்சையும் ஆஃப் செய்து, சில நிமிடம் விட்டு, கேன்-ஹைக்கும் கேன்-லோவுக்கும் இடையே ஓம் பாருங்கள். லைனின் இரு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் போய்விட்டது, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 40 பக்கம் வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில மாடல்களில் ரெசிஸ்டர் தனி பிளக்காக இல்லாமல் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அந்தப் பெட்டியைக் கழற்றினால் 120 காட்டுவது இயல்பு, கோளாறு கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டாம்.

பிறகு சாவியை ஆன் செய்து எர்த்துக்கு வோல்ட் பாருங்கள். ஹை 2.5-க்குச் சற்று மேலேயும் லோ சற்றுக் கீழேயும் நிற்கும், இரண்டையும் கூட்டினால் 5 வோல்ட் பக்கம் வரும். இரண்டும் அசையாமல் 2.5-லேயே நின்றால் லைனில் யாரும் பேசவில்லை. லோ பூஜ்யத்தில் கிடந்தால் எர்த் ஷார்ட். ஏதாவது ஒன்றில் பேட்டரி வோல்ட் தெரிந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள்.

ரஃபீக், கிராஞ்சி: அண்ணே, மீட்டரில் 60 சரியாக இருக்கிறது. ஆனால் மழை பெய்தாலோ, மெஷினைக் கழுவினாலோ கோட் வருகிறது. மதியத்துக்குள் தானாகப் போய்விடும்.

இந்த ஊர் ஈரத்துக்கு இது சகஜம். 60 ஓம் இருப்பதால் லைன் நல்லது என்று ஆகிவிடாது. மீட்டர் அந்த நொடியை மட்டும் காட்டும், வெயிலில் காய்ந்த கனெக்டர் நல்லதாகவே தெரியும். கேபினுக்குப் பின்னால், ஹைட்ராலிக் பம்ப் பக்கம், பிரஷர் வாஷர் நேராக அடிக்கும் இடங்களிலுள்ள கனெக்டர்களைப் பிரியுங்கள். காலியான பின் ஓட்டைகளில் அடைப்பு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அந்த அடைப்புதான் இருக்காது. பின்னில் பச்சை பூத்திருந்தால் கிளீனர் அடித்து விட்டுவிடாமல் பின்னையே மாற்றுங்கள், கடலோரத்தில் வேலை செய்யும் மெஷினில் அது மறுபடி பூக்கும். புதிய ஆண் பின் ஒன்றை ஒவ்வொரு பெண் பின்னிலும் செருகி இழுத்துப் பாருங்கள், பிடிமானம் இல்லாதது தெரிந்துவிடும்.

வயரைக் குத்தி அளக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்த ஊசித் துளை வழியே தண்ணீர் வயருக்குள் ஏறி அடுத்த கனெக்டர் வரை போகும். ஒட்டுப் போட்டால் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், கறுப்பு டேப் போதாது. இரண்டு வயரின் முறுக்கையும் முடிந்தவரை பிரிக்காதீர்கள், வெளி இரைச்சலைத் தடுப்பதே அந்த முறுக்குதான். மெகர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) வைத்துச் சோதிப்பதாக இருந்தால் எல்லாப் பெட்டியையும் கழற்றிய பிறகே.

முருகன், ஜூரோங்: ஜி.பி.எஸ். டிராக்கர் போட்ட மறுநாளிலிருந்து டிஸ்ப்ளே அடிக்கடி இருட்டாகிறது.

டிராக்கரைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். கோளாறு போனால் மூன்றைச் சோதியுங்கள். அதற்குள் 120 ஓம் ரெசிஸ்டர் ஆன் ஆகியிருக்கலாம். கிளை வயர் நீளமாக இருக்கலாம், 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அது செய்தி அனுப்பும் வேகம் தவறாக இருக்கலாம். லைன் 250 கிலோபிட்டில் ஓடும்போது 500-க்கு செட் செய்த கருவி பேச ஆரம்பித்தால், எரர் கொட்டி மொத்த லைனும் விழும். பச்சை நிற 9 பின் சாக்கெட் 500-க்கானது, கறுப்பு 250-க்கானது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் வயரிங் படத்தையும் பாருங்கள்.

விஜய், சுங்கை காடுட்: மெஷின் நன்றாக ஓடுகிறது, லேப்டாப் மட்டும் கனெக்ட் ஆகவில்லை.

சாக்கெட்டைப் பாருங்கள். ஜே1939 முறைப்படி 9 பின்னில் ஏ எர்த், பி பேட்டரி பாசிட்டிவ், சி ஹை, டி லோ. கேட்டர்பில்லரில் இது வேறு: ஏ பாசிட்டிவ், பி எர்த், ஜே1939 லைன் எஃப், ஜி பின்களில் வரும். பவர் பின்கள் தலைகீழ் என்பதால், கையால் செய்த அடாப்டரைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் அடாப்டர் எரியும்.

கணேசன், துவாஸ்: மொபைல் கிரேனில் பூம் லெங்த் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. பைபாஸ் சாவி போட்டு இன்றைய லிஃப்டை மட்டும் முடித்துவிடலாமா?

முடியாது சார். எஸ்.எல்.ஐ. (பாதுகாப்பான லோடு அளவைக் காட்டும் கருவி) நம்பகமில்லாத கிரேன் லோடு தூக்கக் கூடாது, டேக் போட்டு நிறுத்துங்கள். பூமை நீட்டிச் சுருக்கும்போது விட்டுப் போனால் கேபிள் ரீலையும் அதன் வயரையும் பாருங்கள், ஆன்டி டூ பிளாக் (கொக்கி பூம் நுனியில் மோதாமல் தடுக்கும் சுவிட்ச்) வயரும் அதே வழியில்தான் வரும். ஸ்லூ செய்யும்போது (மேல் பகுதியைச் சுழற்றும்போது) குறிப்பிட்ட கோணத்தில் விட்டால், சுழலும் பகுதிக்கு மின் இணைப்பு தரும் ஸ்லிப் ரிங்கைப் பாருங்கள். ரிப்பேருக்குப் பிறகு மறு பரிசோதனை தேவையா என்று ஆத்தரைஸ்டு எக்ஸாமினரிடம் (கிரேனைப் பரிசோதிக்க அங்கீகாரம் பெற்றவரிடம்) கேட்டுவிட்டு கிரேனை விடுங்கள்.

செல்வம், டெஃபு: பக்கெட் வெல்டிங் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் பேசவில்லை. அதே மாடல் மெஷினிலிருந்து இசிஎம் கழற்றி மாற்றிப் பார்க்கலாமா?

இந்த இடத்தில் பெட்டி போயிருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் முதலில் ஃபியூஸ்கள். பிறகு சாவி ஆஃப் செய்து ஒரு பெட்டியைக் கழற்றி, ஆன் செய்து வோல்ட் பாருங்கள், இப்படி ஒவ்வொன்றாக. எதைக் கழற்றியதும் ஹையும் லோவும் பழைய நிலைக்கு வருகிறதோ, அதன் டிரான்ஸ்சீவர் (லைனில் செய்தி அனுப்பிப் பெறும் சிப்) எரிந்து லைனை இழுத்துப் பிடித்திருக்கிறது.

வேறு மெஷினின் இசிஎம்மைப் போட வேண்டாம். அதில் அந்த எஞ்சினின் இன்ஜெக்டர் டிரிம் கோடும் (ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய திருத்த எண்) கான்ஃபிகரேஷனும் இருக்கும். ஹார்னஸில் 24 வோல்ட் ஷார்ட் இருந்தால் இரவல் பெட்டியும் போகும், அப்புறம் இரண்டு மெஷின் நிற்கும். அடுத்த வெல்டிங்குக்கு பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், இசிஎம் கனெக்டர்களைப் பிரிக்கச் சொல்லுங்கள், எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் அதே இரும்பில் போடச் சொல்லுங்கள்.