அமெரிக்கக் கல்லூரிகளைப் புள்ளிவிவர ஒப்பீட்டுக்குப் பிரிக்க கார்னகி வகைப்பாடு மட்டும் போதுமா?

போதாது. அமெரிக்கக் கல்லூரிகளை அவை தரும் பட்டங்கள், செய்யும் ஆராய்ச்சி போன்றவற்றை வைத்து வகை பிரிக்கும் பட்டியல் அது. ஆனாலும் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஆராய்ச்சி மிக அதிகம் நடக்கும் வகையான ஆர்1 பல்கலைக்கழகங்களை ஒரு பக்கமும் மற்றவற்றை இன்னொரு பக்கமும் வைத்து, பட்டம் முடிப்போர் விகிதத்தை ஒப்பிடப் போவதாகக் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ஆர்1 என்பது தர முத்திரை அல்ல. 2025 வகைப்பாட்டின்படி, ஆண்டுக்குக் குறைந்தது 5 கோடி டாலர் ஆராய்ச்சிச் செலவும் 70 ஆராய்ச்சி முனைவர் பட்டங்களும் இருந்தால் ஆர்1. மாணவர் தலைக்கு எவ்வளவு என்ற கணக்கே அதில் கிடையாது. அதனால் இளநிலையில் ஆயிரம் பேர் அளவில் படிக்கும் கால்டெக்கும், லட்சத்துக்கு மேல் மாணவர்கள் உள்ள அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் ஒரே கூடையில் விழுகின்றன. இந்த இரண்டுக்கும் சராசரி எடுத்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? கிளார்க் கெர் தலைமையிலான கார்னகி ஆணையம் தன் ஆய்வுத் தேவைக்காக உருவாக்கி 1973இல் வெளியிட்ட பட்டியல் இது. இன்று பல்கலைக்கழகங்கள் அதை விருது மாதிரி விளம்பரம் செய்கின்றன, அது வேறு கதை.

உங்கள் கேள்விக்கு ஆராய்ச்சிச் செலவை விட முக்கியமானவை: அரசா தனியாரா, விண்ணப்பித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கிடைக்கிறது, பெல் உதவித்தொகை (வருமானம் குறைந்த குடும்ப மாணவர்களுக்கு மத்திய அரசு தருவது) பெறுவோர் எவ்வளவு, பகுதிநேர மாணவர் எவ்வளவு. எல்லாமே ஐபெட்ஸ் எனப்படும் அமெரிக்க அரசின் கல்லூரித் தரவில் இலவசமாகக் கிடைக்கும். இவற்றை வைத்து உங்கள் குழுக்களை நீங்களே அமையுங்கள். ஒன்று மட்டும் கூடாது: எதை ஒப்பிடப் போகிறீர்களோ அதையே வைத்துப் பிரிக்காதீர்கள். பட்டம் முடிப்போர் அதிகமுள்ளவை ‘நல்ல கல்லூரிகள்’ என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டால், பிறகு வரும் முடிவு நீங்களே வைத்ததுதான்.

பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகள் தரும் சமுதாயக் கல்லூரிகளைத் தனியாகவே வையுங்கள். ஐபெட்ஸின் வழக்கமான பட்டமுடிப்பு விகிதம், முதன்முறையாகச் சேர்ந்த முழுநேர மாணவர்களை மட்டும் எடுத்து, படிப்புக் காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் முடித்தார்களா என்று பார்க்கிறது. இரண்டாண்டுக் கல்லூரியில் பட்டம் வாங்காமலேயே நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிப் போன மாணவர் அந்தக் கணக்கில் முடிக்காதவர்தான். உண்மையில் அவர் வந்த வேலை முடிந்துதான் போயிருக்கிறார்.

அப்புறம், அமெரிக்கக் கல்வித் துறை வெளியிடும் காலேஜ் ஸ்கோர்கார்டு தரவையும் சேர்ப்பதாக இருந்தால் அடையாள எண்களைக் கவனியுங்கள். ஐபெட்ஸின் யூனிட் எண் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியாக இருக்கலாம். கல்விக்கடன் தொடர்பான ஓபிஇ எண்ணோ பல வளாகங்களுக்கும் ஒன்றாகவே இருக்கும். கடன், சம்பள விவரங்கள் பிந்தைய எண்படி வருவதால், ஒரே மதிப்பு நான்கைந்து வரிகளில் திரும்பத் திரும்ப வரும். அதைத் தனித்தனிக் கல்லூரிகளாக எண்ணிவிட்டால் மாதிரி அளவு சும்மாவே வீங்கிவிடும்.