ராம் கூட்டியும் வேகம் கூடவில்லையே?

கேள்வி: எங்கள் மொத்தவிலைக் கடையின் பில்லிங், லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரில் இருக்கிறது. ராமை 16 ஜிபியிலிருந்து 64 ஜிபி ஆக்கினோம். வேகத்தில் மாற்றமே இல்லை. ஏன்?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ராம் கூடியது போஸ்ட்கிரெஸுக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் தன் தரவை ராமில் வைத்துக்கொள்ளும் இடம்தான் 'ஷேர்டு பஃபர்ஸ்', செட்டிங்கில் அதன் அளவை முதலில் பாருங்கள். யாரும் தொடாமல் விட்டிருந்தால் அது வெறும் 128 எம்பி. மொத்த ராமில் கால் பங்கு, அதாவது 16 ஜிபி கொடுங்கள். 40 சதவீதத்தைத் தாண்டிப் பெரும்பாலும் பயனில்லை. லினக்ஸும் தன் பங்குக்கு ஃபைல்களை ராமில் வைத்துக்கொள்கிறது, அதற்கும் இடம் வேண்டும். 'எஃபெக்டிவ் கேஷ் சைஸ்' 48 ஜிபி இருக்கட்டும். இது ராமைப் பிடித்துக்கொள்ளாது, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸைப் பயன்படுத்தலாமா என்று போஸ்ட்கிரெஸ் கணிக்க உதவும் எண் மட்டுமே.

'வொர்க் மெம்'மில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அது தரவை வரிசைப்படுத்தும் வேலைக்கு (சார்ட்) ஒதுக்கும் ராம், சர்வருக்கு மொத்தமாக அல்ல. ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனியாகச் செலவாகும். 64 எம்பி வைத்து, 100 கனெக்‌ஷன்கள் தலா இரண்டு சார்ட் ஓட்டினால் 12.8 ஜிபி போய்விடும். அளவு மீறினால் லினக்ஸே டேட்டாபேஸ் ப்ராசஸைக் கொன்றுவிடும். 16 எம்பியில் தொடங்கி, பெரிய ரிப்போர்ட்டுக்கு மட்டும் அந்த செஷனில் கூட்டுங்கள்.

ஷேர்டு பஃபர்ஸ் மாற்றத்துக்கு, செட்டிங்கை மட்டும் மறுபடி படிக்கும் ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் கட்டாயம். கடை மூடியபின் செய்யுங்கள். மறுநாள் காலை முதல் சில பில்கள் மெதுவாக வரும், ஷேர்டு பஃபர்ஸ் காலியாக இருப்பதால். பதற வேண்டாம்.