கில்ஃபோர்டின் விட்ஃபீல்டு வீட்டை ஏன் கல்லில் கட்டினார்கள்? இன்று இருப்பது அதே வீடுதானா?
அமெரிக்காவின் கனெக்டிகட்டில், கில்ஃபோர்டில் குடியேறிய ஆங்கிலேயப் பியூரிட்டன்கள் (கடுமையான சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவினர்) தங்கள் போதகர் ஹென்றி விட்ஃபீல்டுக்காக 1639-இல் கட்டிய வீடு இது. கனெக்டிகட் அடங்கிய வடகிழக்கு அமெரிக்கப் பகுதியான நியூ இங்கிலாந்திலேயே மிகப் பழைய கல் வீடு.

கல் எதற்கு? போதகர் குடியிருக்க மட்டுமல்ல, வழிபாட்டுக்கும், ஆபத்து வந்தால் ஊரே உள்ளே ஒதுங்கும் கோட்டையாகவும் அது தேவைப்பட்டது. சுவரின் தடிமன் சுமார் 2 அடி. சாந்தில் களிமண்ணோடு சிப்பி ஓடுகளையும் பொடித்துக் கலந்திருக்கிறார்கள். கடலோர ஊராயிற்றே, சிப்பிக்கா பஞ்சம்!

இவ்வளவு உறுதியாகக் கட்டியும் விட்ஃபீல்டு 1650-இல் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார். பல கை மாறிய வீடு 1899-இல் மாநில அருங்காட்சியகமானது.

அதே வீடா என்றால், முழுக்க இல்லை. 1868-இல் பெரிதாக மாற்றினார்கள். பிறகு 1900-களின் தொடக்கத்திலும் 1930-களிலும் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரச் சீரமைத்தார்கள். உள்ளே பார்ப்பதில் பெரும்பகுதி இந்தச் சீரமைப்புகளின் கைவண்ணம்தான்.