பச்சைத் தேயிலைக் கேப்சூல் புரோஸ்டேட் புற்றைத் தடுக்குமா?

கேள்வி: பச்சைத் தேயிலையிலுள்ள ஒரு வேதிப்பொருளை மாற்றியமைத்தபோது, அது புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்களை முன்னைவிட வலுவாக அழித்ததாகப் படித்தேன். எனக்கு வயது 61, இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்) அளவு சற்றுக் கூடியிருக்கிறது. பச்சைத் தேநீரோ அதன் சாற்றுக் கேப்சூலோ எனக்குப் பயன்படுமா?

பதில்: நீங்கள் படித்த செய்தி தேநீரைப் பற்றியதன்று. அந்தப் பொருளை ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்று கேட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்த வேதிப்பொருளின் பெயர் இ.ஜி.சி.ஜி.; தேயிலையில் இயற்கையாக உள்ள கேட்டச்சின்கள் என்ற சேர்ம வகையைச் சேர்ந்தது. அதன் மூலக்கூறில் எட்டு ஹைட்ராக்சில் குழுக்கள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த சிறு பகுதிகள்) உள்ளன. அதன் செயல்திறன் பெரும்பாலும் அவற்றைச் சார்ந்தது. அதன் பலவீனமும் அங்கேதான். அமிலத்தன்மை இல்லாத சூழலில் அது விரைவாக ஆக்சிஜனேற்றமடைந்து சிதைகிறது. குடல் உறிஞ்சுவதோ சிறு பங்கு. அதையும் உடலின் நொதிகள் மெத்தில், சல்பேட் போன்ற குழுக்களைச் சேர்த்து மாற்றிவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் பி.சி.-3, எல்.என்.கேப் போன்ற புரோஸ்டேட் புற்றுச் செல்களுக்குப் பெரும்பாலும் பல பத்து மைக்ரோமோலார் செறிவில் இதைக் கொடுக்கிறார்கள். ஓரிரு கோப்பைத் தேநீர் அருந்தியவரின் இரத்தத்திலோ அது பொதுவாக ஒரு மைக்ரோமோலாரைக்கூட எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, செல்களை வளர்க்கும் கரைசலிலேயே இது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதால், செல்கள் மடிந்ததற்கு எது காரணம் என்ற ஐயமும் எழுகிறது.

இந்தக் குறைகளைக் கடக்கவே ஹைட்ராக்சில் குழுக்களின் மேல் அசிட்டைல் குழுக்களை மூடிபோலப் பொருத்தினார்கள். செல்லுக்குள் நுழைந்தபின் எஸ்டரேஸ் நொதிகள் அந்த மூடிகளைக் கழற்ற, சிதையாத இ.ஜி.சி.ஜி. உள்ளேயே வெளிப்படுகிறது. புரோஸ்டேட் கட்டி பொருத்தப்பட்ட எலிகளில் இவ்வடிவம் கட்டியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2009-இல் இ.ஜி.சி.ஜி.யை நானோ துகள்களில் அடைத்துக் கொடுத்தபோது, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே அதே விளைவைத் தந்தது. வேதியியல் நோக்கில் இது அழகான வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இப்படி உருவானது புதியதொரு மருந்து. கடையில் விற்கும் சாற்றுக் கேப்சூலில் அது இல்லை.

மாற்றப்படாத கேட்டச்சின்களை மனிதர்களிடம் சோதித்ததில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. புற்றுக்கு முந்தைய திசு மாற்றம் கொண்ட 60 பேரிடம் இத்தாலியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் கேட்டச்சின் பெற்ற 30 பேரில் ஒருவருக்கும் மருந்தில்லாத போலிமாத்திரை பெற்ற 30 பேரில் ஒன்பது பேருக்கும் புற்று காணப்பட்டது. பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். 97 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு அவ்வளவாக மேற்கோள் காட்டப்படுவதில்லை; அதில் புற்று தோன்றிய எண்ணிக்கையில் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

கேப்சூலை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இ.ஜி.சி.ஜி.யைத் துணையுணவாக உட்கொள்வது கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. தேநீரை விரும்பினால் அருந்துங்கள்; மருந்தாகக் கருத வேண்டாம். பி.எஸ்.ஏ. உயர்வுக்குப் புற்றல்லாத வீக்கமோ தொற்றோகூடக் காரணமாகலாம் என்பதால், மறுபரிசோதனையும் தேவையானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் குறித்து சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் விரைவில் கேளுங்கள். ஏற்கெனவே ஏதேனும் சாற்றுக் கேப்சூல் எடுத்துவந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.