தொட்டிக்குப் பெயிண்ட்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மண்தொட்டி, சிமெண்ட், பிளாஸ்டிக், எதைப் பற்றியும் கேட்கலாம். செடிக்கு வரும் நோய் பற்றி மட்டும் வேண்டாம், நான் பிரஷ் பிடிக்கிற ஆள்.

கீதா, திருப்பூர்: அக்கா, தீபாவளி சமயத்தில் மண்தொட்டிகளுக்கு அக்ரிலிக் அடித்தேன். பொங்கலுக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்துவிட்டது. மழையில் நனைந்ததாலா?

மழையைத் திட்டாதீர்கள் கீதா. உரித்தது நீங்கள் செடிக்கு ஊற்றிய தண்ணீர். மண்தொட்டியின் சுவர் முழுக்க நுண்துளை. ஊற்றுகிற தண்ணீரைச் சுவர் குடித்து வெளிப்பக்கமாக ஆவியாக விடும், பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். வெளியே பெயிண்டால் மூடிவிட்டால் அந்த ஈரம் போக வழியில்லாமல் பெயிண்டைத் தள்ளும். போர்த் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள உப்பும் சேர்ந்து வந்து பெயிண்டுக்குப் பின்னால் வெள்ளையாகப் பூக்கும், அது இன்னும் வேகமாக உரிக்கும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தொட்டியைக் கழுவி மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, உள்பக்கம் தண்ணீரில் கலக்கும் வகை வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை அடிப்பது. அது காய்ந்த பிறகு வெளியே பிரைமர் என்கிற அடிப்பூச்சு ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை, கடைசியில் கிளியர் வார்னிஷ். ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் இல்லை, உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடியில் இருக்கிற ஓட்டையைப் பெயிண்டால் அடைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வழி சோம்பேறி வழி, நான் செய்வது அதுதான். செடி நர்சரியிலிருந்து வந்த பிளாஸ்டிக் தொட்டியிலேயே இருக்கட்டும், அதைத் தூக்கிப் பெயிண்ட் அடித்த மண்தொட்டிக்குள் வைத்துவிடுங்கள். சுவரில் ஈரம் படாது, ஓவியம் வருடக்கணக்கில் நிற்கும்.

சுரேஷ்: பிரைமர் கட்டாயமா மேடம்?

ஆமாம்.

நசீமா, காயல்பட்டினம்: வீட்டுக் கதவுக்கு அடித்த எனாமல் பழைய டப்பாவில் மீதி இருக்கிறது. அடிக்கலாமா?

வேண்டாம். எனாமல் ஈரத்தை வெளியே விடவே விடாது, மண்தொட்டியில் தோல் மாதிரி உரிந்து வரும். அதைவிட முக்கியமான காரணம் ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உரிந்த துண்டு மண்ணில் விழும், அதில் நீங்கள் கீரை போடுவீர்கள், குழந்தை கை வைக்கும். பழைய டப்பாவைத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

பிரபு: செம்பருத்தியில் மாவுப்பூச்சி, என்ன தெளிக்கலாம்?

முதல் வரியைப் படியுங்கள் தம்பி. தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

தாம்பரம் ராமசாமி: நான் ஒன்று சொல்லலாமா? மண்தொட்டிக்குப் பெயிண்ட் அடிப்பதே பாவம். தொட்டி மூச்சு விடுவதற்காகத்தான் மண்ணில் செய்கிறார்கள். அதை அடைத்து அழகு பார்ப்பதற்குப் பிளாஸ்டிக்கே வாங்கலாமே?

கீதா: சார் சொல்வது சரிதானே அக்கா?

பாதி சரி. வேருக்குக் காற்று பெரும்பாலும் மேல்மண் வழியாகவும் அடி ஓட்டை வழியாகவும் போகிறது, அதனால்தான் பிளாஸ்டிக் தொட்டியிலும் செடி உயிரோடு இருக்கிறது. சுவரை அடைத்தால் மாறுவது தண்ணீர்க் கணக்கு. வெறும் மண்தொட்டியில் தினம் ஊற்றியவர் பெயிண்ட் அடித்த தொட்டியிலும் தினம் ஊற்றினால் வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். அடீனியம், கள்ளி இவற்றை மட்டும் வெறும் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள், அங்கே சார் கட்சிதான் நானும். மணி பிளான்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ராமசாமி: அப்படியானால் மண்தொட்டி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

கனம் சார். மாடியில் ஆடிக் காற்றுக்குப் பிளாஸ்டிக் தொட்டி செடியோடு உருண்டுவிடும். இன்னொன்று வெயில். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மே மாத மத்தியானத்தில் மொட்டைமாடியில் இருந்தால் சுவரை ஒட்டிய வேர் வெந்துவிடும். வெள்ளை அடித்த தொட்டி அவ்வளவு சுடாது. பெயிண்ட் அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

மாலதி, மதுரை: குறுக்கே வருகிறேன். எங்கள் பாட்டி துளசி மாடத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் அடிப்பார், அது உரிந்து நான் பார்த்ததே இல்லை.

ராமசாமி: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்!

நீங்கள் சொல்ல வரவில்லை சார், பெயிண்டே கூடாது என்றுதான் சொன்னீர்கள். ஆனால் மாலதி பிடித்தது சரியான இடம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும், இறுகிய பிறகும் ஈரத்தை வெளியே விடும். காவி இரும்பு ஆக்சைடு, வெயிலுக்கு வெளுக்காது. அக்ரிலிக் மாதிரி தோலாக நிற்காததால் உரிவதற்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துதான் போகும். தேய்ந்தால் அடுத்த பொங்கலுக்கு இன்னொரு கை. தொட்டியை முதலில் நனைத்துவிட்டு, சுண்ணாம்பைப் பால் பதத்தில் மெல்லிசாக அடியுங்கள், கெட்டியாக அடித்தால் பொடிந்து உதிரும். கையில் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, சுண்ணாம்பு சுடும். வெளிப்பக்கம் மட்டும்.

ராமசாமி: மானாமதுரைத் தொட்டிக்கு அதுவும் வேண்டாம். புவிசார் குறியீடு வாங்கின மண்பாண்டம் அது.

அதில் சண்டை இல்லை. விரலால் தட்டினால் கணீரென்று சத்தம் வரும் தொட்டியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மங்கலாகச் சத்தம் வருவது சரியாக வேகாதது, அதற்கு எந்தப் பெயிண்டும் நிற்காது.

விஜி: மீதி எனாமல் இருக்கு, சிமெண்ட் தொட்டிக்கு அடிக்கலாமா?

எனாமல் பற்றி மேலே நசீமாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். புது சிமெண்டின் காரம் எண்ணெய்ப் பெயிண்டைச் சோப்பாக மாற்றிப் பிசுபிசுக்க வைக்கும். 28 நாள் ஆறவிட்டு, நடுவில் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டுங்கள், பிறகு வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷன்.

கார்த்திக்: பிளாஸ்டிக் பக்கெட்?

உப்புத்தாள் தேய்க்காமல் எதுவும் ஒட்டாது. பிளாஸ்டிக்குக்கென்றே பிரைமர் விற்கிறார்கள். சுரண்டினால் வரும், அதற்கு மனம் தயாராக இருந்தால் செய்யுங்கள்.

ஷாலினி: வார்னிஷுக்குப் பதில் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து பூசலாம் என்று வீடியோவில் பார்த்தேன்.

தண்ணீர் பட்டால் இளகுவது சாதாரண வெள்ளைப் பசையின் குணம். வீடியோவில் பூசுகிற நாள் மட்டும்தான் வரும், மழைக்காலம் வராது.

தேவி, தஞ்சாவூர்: எனக்கு வரையத் தெரியாது. என் மகளுக்கு ஏழு வயது. சேர்ந்து செய்கிற மாதிரி எளிய டிசைன் சொல்லுங்கள்.

வார்லி. மகாராஷ்டிரத்துப் பழங்குடி மக்கள் மண்சுவரில் அரிசிமாவால் போடும் ஓவியம். வட்டம் தலை, இரண்டு முக்கோணம் உடம்பு, கோடுகள் கை கால். காவி நிறம் அடித்த தொட்டியில் வெள்ளை அக்ரிலிக், 2ஆம் நம்பர் ரவுண்டு பிரஷ் போதும். முக்கோணத்தைப் பென்சிலால் நீங்கள் போடுங்கள், நிரப்புவதை மகளிடம் விடுங்கள். கோலப் புள்ளி வைக்கத் தெரிந்தால் வாய்ப்பகுதியைச் சுற்றிப் பட்ஸ் குச்சியால் புள்ளி வையுங்கள், இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தஞ்சாவூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் உட்காராதீர்கள், பிரஷிலேயே பெயிண்ட் காய்ந்துவிடும்.

சுரேஷ்: மேடம், சிமெண்டுக்கும் பிரைமர் கட்டாயமா?

சுரேஷ்!