சொட்டுநீர், உப்புத்தண்ணீர், உரம்: அண்ணாச்சியிடம் கேள்வி பதில்

ராதாபுரம்: அண்ணாச்சி, ஏத்தன் வாழை, போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. கோடையில்கூட நன்றாக நின்ற கன்று, மழை விழுந்த பிறகு இலை ஓரம் கருகுகிறது. மழைத்தண்ணீர் நல்லதுதானே?

மழையில் குற்றமில்லை தம்பி. சொட்டுநீரில் உப்பு, ஈரம் போய் முடிகிற விளிம்பில் சேரும். அங்கே வெள்ளையாகப் பூத்திருக்கும், பாருங்கள். ஐப்பசியில் சின்னத் தூறல் விழுந்தால் அந்த உப்பு கரைந்து வேர்ப்பக்கம் திரும்பிவிடும். மழைதான் பெய்கிறதே என்று நீங்கள் மோட்டாரை நிறுத்தியிருப்பீர்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்: தூறும்போதே மோட்டாரைப் போட்டு உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருங்கள். மண் நன்றாக நனையும்படி பெருமழை பெய்த பிறகு நிறுத்தலாம். இன்னொன்று, கடையில் சாதாரணமாகத் தரும் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி குளோரைடு. உப்புத்தண்ணீர்த் தோட்டத்துக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வாழை உப்புத் தாங்காத பயிர்.

மானூர்: டிஏபி உரத்தைக் கரைத்து சொட்டுநீரில் விடலாமா?

கூடாது. முழுதாகக் கரையாது. நம் தண்ணீரில் சுண்ணாம்பும் அதிகம், உரத்தில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து டிரிப்பர் கண்ணை, அதாவது சொட்டு விழும் துளையை, அடைக்கும். டிஏபி அடியுரமாக மண்ணுக்குள் போகட்டும். குழாயில் விட முழுதாகக் கரைகிற 12:61:0 உரம் இருக்கிறது. எந்த உரமானாலும் உங்கள் போர் தண்ணீரிலேயே ஒரு பாட்டிலில் கரைத்து ராத்திரி வைத்துப் பாருங்கள். பால்போல் கலங்கினால் விடாதீர்கள். வடிகட்டியைக் கழுவுங்கள்.

பணகுடி: வாழைக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்ட வேண்டும்?

நேரத்தைக் கேட்காதீர்கள், லிட்டரைக் கேளுங்கள். முதல் நாலு மாதம் கன்றுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 லிட்டர், அப்புறம் 10 முதல் 15, குலை தள்ளியதும் 15 முதல் 20. மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் கன்றுக்கு இரண்டு என்றால் கணக்கு நீங்களே போடலாம். தேரிச் செம்மணலில் காலை, மாலை என்று பிரித்து விடுங்கள். ஒரே மூச்சில் விட்டால் வேருக்குக் கீழே இறங்கிவிடும். உரமும் கூடவே போகும்.

வள்ளியூர்: டிஏபி டிரிப்பில் போகுமா அண்ணாச்சி?

மானூர்க்காரருக்குச் சொன்னதுதான். வடிகட்டி!

களக்காடு: இலையில் தெளிக்கிற நானோ யூரியா திரவம் ஒரு பாட்டில், ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்கிறார்களே?

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். முதலில் வந்த அரை லிட்டர் பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம்தான் இருந்தது. இப்போதைய ‘பிளஸ்’ பாட்டிலில் 20 சதவீதம் என்றாலும் 100 கிராம்தான். ஒரு டன் நெல் விளையவே பயிர் 15 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து எடுக்கும். மிச்சத்தை எங்கிருந்து எடுக்கும்?

சேரன்மகாதேவி: துகள் சின்னது, இலை நேராக உறிஞ்சிக்கொள்ளும், வீணாகாது. அந்தக் கணக்கைச் சேர்க்கவில்லையே?

சேர்த்தே சொல்கிறேன். ஒரு துளி வீணாகாவிட்டாலும் 100 கிராம் 100 கிராம்தான். மூட்டை யூரியாவில் பாதி ஆவியாய்ப் போனாலும் 10 கிலோ நிற்கும்.

சேரன்மகாதேவி: என் வயலில் தெளித்த மூன்றாம் நாள் பச்சை கட்டியது. கண்ணால் பார்த்தேன் அண்ணாச்சி.

சாதா யூரியாவை லிட்டருக்கு 20 கிராம் கரைத்து அடித்தாலும் பச்சை கட்டும். அந்தப் பாட்டிலில் உள்ள தழைச்சத்து 217 கிராம் யூரியாவில் இருக்கிறது. மானிய விலையில் ஒன்றேகால் ரூபாய் சொச்சம்!

களக்காடு: அப்போ நான் வாங்கின நாலு பாட்டில்?

தெளியுங்கள், கெடுதல் இல்லை. மூட்டையைக் குறைக்காதீர்கள்.

சேரன்மகாதேவி: நான் குறைத்துவிட்டேன். விளைச்சல் போன தடவை மாதிரிதான் வந்தது.

போன பூவில், அதாவது போன போகத்தில், போட்டது மண்ணில் மிச்சம் இருந்திருக்கும். வருகிற பிசான நெல் போகத்தில் ஒரு பாத்திக்கு மூட்டை, ஒரு பாத்திக்குப் பாட்டில், ஒரு பாத்திக்கு எதுவுமே இல்லை. மூன்றையும் தனித்தனியாக அறுத்து எடை போட்டுக்கொண்டு வாருங்கள் ஐயா, அப்புறம் சண்டை போடுவோம்.

சங்கரன்கோவில்: மல்லி மொட்டில் புழு, என்ன மருந்து?

பூச்சி என் துறையில்லை. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் கேளுங்கள்.

நாங்குநேரி: சொட்டுநீர் மானியம் முழுசாகக் கிடைக்குமா?

சிறு, குறு விவசாயி என்றால் 100 சதவீதம், மற்றவர்க்கு 75. சிறு குறு விவசாயி சான்றிதழ் வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள் அக்கா. குழாய் மாட்ட வருகிறவரிடம் வடிகட்டியைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டுதான் அனுப்ப வேண்டும்.